பொடியில் விளைந்தது

விளாத்திகுளம் பக்கம் ஒரு மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணை. அதன் இயக்குநர் டாக்டர் தர்மசீலன் ஒரு பொடி கண்டுபிடித்திருந்தார். மண்ணில் கலந்துவிட்டால் மழையே இல்லாமல் கம்பு விளையுமாம். அந்தச் சேதி பொடிக்கு மட்டும் தெரியவில்லை. சோதனை வயல் வாடிக் கிடந்தது.

இன்னும் பத்து நாளில் பொடியைச் சோதித்துப் பார்க்கச் சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டிவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் இந்தப் பொடியை நம்பித்தான் விதைக்க வேண்டும்.

வயல்வேலை பார்க்கும் மாடத்தியை இயக்குநர் கூப்பிட்டார். "தினமும் விடியக்காலையில லாரித் தண்ணி வரும். யாருக்கும் தெரியாம வயலுக்குப் பாய்ச்சு. பச்சைப்பசேல்னு நிக்கணும். இல்லைன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

"தண்ணி பாய்ஞ்சா கம்பு மட்டுமா வரும் சார்? வேற என்னென்னமோ வருமே."

"எது வந்தாலும் என் பொடியால வந்ததுன்னு சொல்லு!"

"சரி சார். அப்படியே சொல்லிருதேன்."

குழு வந்தது. சுற்றிலும் கரிசல் மண் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்க, நடுவில் கம்பு தளதளவென்று நின்றது.

"எழுபது நாளாக மழையும் இல்லை, பாசனமும் இல்லை," என்று இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தினார்.

கம்புக்குள்ளிருந்து "கொர்ர், கொர்ர்" என்று சத்தம் வந்தது. குழுத் தலைவி மாடத்தி பக்கம் திரும்பினார். "என்னம்மா அது?"

"தவளைம்மா. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே கிடக்கு. எல்லாம் சாரோட பொடியால வந்ததுதான். அப்படித்தான் சொல்லணும்னு சார் சொல்லியிருக்காவ."