பூனை கொடுத்த கிளி

ஒரு காட்டில், ஓடைக்கரை மூங்கில் புதருக்குள், ஒரு சருகுமான் தன் ஒரே குட்டியோடு வாழ்ந்தது. முயலைவிடச் சற்றுப் பெரிய உடம்பு. கொம்பும் இல்லை, பெரிய வேகமும் இல்லை. ஒளிந்துகொள்வது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. குட்டிக்கோ பிறந்ததிலிருந்தே பின்னங்கால் ஊனம். அதனால் தாய்க்கு எப்போதும் வயிற்றில் நெருப்புத்தான்.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு காட்டுப்பூனை வந்து ஆலமரத்தில் குடியேறியது. கிளிகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்து, வீட்டுக்கொரு கிளி என்று இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது.

"வச்சுக்கோங்க அக்கா. மழை வந்தா முன்கூட்டியே சொல்லும். நீங்க மறந்ததை ஞாபகப்படுத்தும். தனியா இருந்தா பேச்சுத்துணை," என்றது பூனை.

"இதுக்கு நான் என்ன தரணும்?" என்று கேட்டது சருகுமான்.

"ஒண்ணும் வேண்டாம். தீனிகூட நானே போட்டுக்கிறேன். சாயங்காலம் ஆனா என்கிட்ட வந்து பழம் தின்னுட்டு, ரெண்டு புது வார்த்தை கத்துக்கிட்டுத் திரும்பிடும். சம்மதம்னு ஒரு சொல் சொன்னாப் போதும்."

"பூனைன்னா கிளியைத் தின்னுமே?"

"அந்தப் பழக்கத்தை விட்டாச்சு," என்று மீசையை நக்கிக்கொண்டது பூனை.

கிளியைத் தின்னாத பூனைக்கு வயிறு எதனால் நிறைகிறது என்று சருகுமான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சம்மதம் என்றது.

கிளி கெட்டிக்காரக் கிளி. "மழை வருது, உள்ளே போ," என்று குட்டியை எச்சரித்தது. தண்ணீருக்குப் போகும் வேளையை நினைவூட்டியது. கொஞ்ச நாளில் அது வீட்டில் ஒன்றாகிவிட்டது. மனதில் இருப்பதையெல்லாம் சருகுமான் அதனிடம் கொட்டியது.

"நடு மூங்கிலுக்கு அடியில சருகைப் போட்டுக் குட்டியை மூடி வச்சிருக்கேன். உச்சிவேளையில தண்ணிக்குப் போறப்பதான் பயமா இருக்கு. பாவம், அந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடக்கூட முடியாது."

கிளி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது.

ஒருநாள் ஓடைத்துறையில் பூனை எதிரே வந்தது. "குட்டிக்குக் கால் எப்படி இருக்கு அக்கா? நொச்சி இலையை வதக்கிக் கட்டிப் பாருங்க," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனது.

குட்டியின் காலைப் பற்றிச் சருகுமான் வெளியில் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. நேரே பக்கத்துப் புதரில் இருந்த முயலிடம் ஓடியது.

"பூனைக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டது.

முயல் சிரித்தது. "தெரிஞ்சா என்ன அக்கா? நல்லதுதானே சொல்லுது. என்கிட்ட மறைக்க என்ன இருக்கு? நான் யார் குடியைக் கெடுத்தேன்?"

அப்படிச் சொன்ன முயலின் குட்டிகள் மறுநாளே காணாமல் போயின. ஆவாரம்புதரில் கொஞ்சம் ரோமம் மட்டும் கிடந்தது. ஆறுதல் சொல்ல முதலில் வந்தது பூனைதான். "கழுகு தூக்கியிருக்கும். விதி, என்ன செய்யறது?" என்று அது சொல்ல, காடே அதை நம்பியது. முயலும் நம்பியது.

அடுத்த சில நாளில் ஒரு மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. கிளியால் ஆலமரத்துக்குப் பறக்க முடியவில்லை. பசியோடு நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. சருகுமான் ஓர் அத்திப்பழத்தை அதன் முன்னால் தள்ளியது.

கிளி தின்றது. தின்று முடித்ததும், ஆலமரத்தில் பழகியபடியே, கேட்டதையெல்லாம் ஒப்பிக்கத் தொடங்கியது. எல்லாக் கிளிகளும் மாலையில் அங்கே ஒன்றாகத்தான் தின்னும், ஒன்றாகத்தான் ஒப்பிக்கும். ஆகவே அதற்கு எல்லார் வீட்டுப் பேச்சும் தெரிந்திருந்தது.

முதலில் முயலின் குரல் வந்தது. "குட்டிங்களை ஆவாரம்புதருக்குள்ள படுக்க வச்சுட்டேன். வெயில் சாய்ஞ்சாத்தான் திரும்புவேன்."

பிறகு சருகுமானின் குரலே வந்தது. "நடு மூங்கிலுக்கு அடியில..."

கடைசியில் பூனையின் குரல். "ஊனக்குட்டியா, ஓடாது. நாளன்னிக்கு உச்சிவேளையில போறேன். இந்தா, இன்னொரு பழம்."

பூனை இதைச் சொன்னது நேற்று மாலையாகத்தான் இருக்கும், அப்படியானால் வருவது நாளை உச்சிவேளையில். கிளியிடம் ஏதாவது கேட்டால் அந்தக் கேள்வியும் அதன் நெஞ்சில் பதிந்துவிடும். விரட்டினாலோ மழை விட்டதும் நேரே ஆலமரத்துக்குப் போய்விடும். சருகுமானுக்குக் கிளிமேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. வாயைத் திறக்காமல், கிளியின் முன்னால் அத்திப்பழங்களைக் குவித்தது. கிளி பழத்தில் மூழ்கியிருக்கும்போதே குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி, கொட்டும் மழையில் ஓடையைக் கடந்து, அக்கரைப் பாறையிடுக்கில் சேர்த்தது. பிறந்து வளர்ந்த மூங்கில் புதரை அது திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

விடிந்ததும் முயலைக் கூட்டிக்கொண்டு வந்தது. பழங்கள் தீர்ந்து கிளி மறுபடி பசித்திருந்தது. ஓர் அத்திப்பழத்தை முயலிடம் நகர்த்தி, "நீயே போடு," என்று காதோடு சொன்னது.

முயல் போட்டது. கிளி தின்றுவிட்டு ஒப்பித்தது. முயல் அசையாமல் கடைசிவரை கேட்டது.

கிளிக்கு இன்னும் நிறையப் பழங்களைக் குவித்துவிட்டு, இரண்டும் அக்கரைக்குப் போய் நாணலுக்குள் ஒளிந்துகொண்டன. உச்சிவேளையில் பூனை வந்தது. தேடவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை, நேரே நடு மூங்கிலடிக்குப் போய்ச் சருகைக் கிளறியது. அங்கே ஒன்றும் இல்லை.

"எங்கே குட்டி?" என்று கிளியைக் கேட்டது.

கிளிக்குச் சொல்ல எதுவும் இல்லை. யாரும் அதனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வயிறும் நிரம்பியிருந்ததால் அது பூனையின் பக்கம் திரும்பவே இல்லை. பூனை வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

சருகுமான் மூச்சுவிட்டது. பக்கத்தில் முயல் அந்த மூங்கிலடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என் வீட்டுக்கும் இப்படித்தான் நேரா வந்திருக்கும், இல்லையா அக்கா?" என்று கேட்டது. "வழி சொன்னது நான்தானே."

சருகுமான் அதன் அருகே போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

நீதி: உன் வீட்டில் இருப்பதெல்லாம் உன்னுடையது ஆகாது, தீனி போடுகிறவன் யார் என்று யோசிக்காமல் அதனிடம் மனதைத் திறக்காதே.