கத்தட்டும், விடுங்க

"மேடம், இந்த பி.டி.சி. செல்களை ஒண்ணு விடாம ஒழிக்க ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவள் சபுரா. அந்தச் செல்லின் முழுப்பெயர் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆயிரம் வெள்ளை அணுக்களில் தேடினால் நாலைந்து தேறும், அவ்வளவுதான். ஆனால் வைரஸ் நுழைந்துவிட்டால் கூச்சல் போட்டு உடம்பையே திரட்டுவது அதுதான்.

சபுராவின் தங்கை மைமூனுக்கு லூபஸ், உடம்பின் காவல் படையே உடம்பைத் தாக்கும் நோய். வைரஸே இல்லாமல் ஆறு வருஷமாக அந்தச் செல்களின் கூச்சல். இப்போது சிறுநீரகம்வரை வந்துவிட்டது. தங்கைக்காகத்தான் நாற்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்கே வந்தாள்.

குரு தேவகிருபை அவளைவிட இளையவர். அதனாலென்ன, குரு குருதானே.

"ஒண்ணு விடாமயா, அக்கா?"

"ஒண்ணு விடாம."

"நாளைக்கு மைமூனுக்கு ஃப்ளூ வந்தா?"

சபுரா கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

"மத்த நாள்ல மத்த அணுக்களை 'சும்மா இருங்க'ன்னு அடக்கி வைக்கிறதுலயும் இதுக்குப் பங்கு இருக்கு."

"எங்க வீட்ல அது அடக்கி நான் பாக்கல, மேடம்."

தேவகிருபை ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார்.

"என்ன, இன்னிக்கு லேப் இவ்வளவு அமைதியா இருக்கு?"

"அந்த ஃப்ரீசர் அலாரம் காலையிலேருந்து உயிரை வாங்குச்சு. அலாரம் வயரை மட்டும் பிடுங்கிட்டேன்."

"சரி. மைமூன் ரத்தம் எதுல வெச்சிருக்கோம்?"

அல்லாவே! சபுரா விழுந்தடித்து ஓடினாள்.

ஆறு வருஷ ரத்தம். மைனஸ் எண்பதில் இருக்க வேண்டிய ஃப்ரீசர் மைனஸ் அறுபத்து நாலில் நின்றது. கதவு ரப்பரில் பனி கட்டி, கதவு ஒரு விரல் அளவு திறந்து கிடந்தது. பனியைச் சுரண்டினாள். கதவை அழுத்திச் சாத்தினாள்.

"இப்ப வயரை மாட்டுங்க."

மாட்டினாள். வீலென்று கத்தியது. சபுரா காதைப் பொத்திக்கொண்டாள்.

"கத்தட்டும், விடுங்க."

இருவரும் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். அறுபத்தைந்து. அறுபத்தெட்டு. எழுபதைத் தாண்டியதும் அலாரம் தானாக ஓய்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஒரு குப்பி ரத்தம்கூட உருகவில்லை.

சபுராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அலாரப் பெட்டியைத் தடவிக் கொடுத்தாள்.

"நல்லா இரு," என்றாள்.

அடுத்த வாரம் மைமூனிடம் ரத்தம் எடுக்கும்போது அவள் கேட்டாள்: "லாத்தா, அந்தச் சனியன் பிடிச்ச செல்லை எல்லாம் எப்பத்தான் ஒழிச்சுக்கட்டப் போற?"

சபுரா ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தாள்.

"அதுக நல்லா இருக்கட்டும்டி. எந்தக் கதவு திறந்து கிடந்து அதுக கத்துதுன்னு தேடிட்டிருக்கேன்."