அடி போல்ட்டு

“எட்டு மாசமாச்சுங்க மாஸ்டர். இன்னும் கழுவுற வேலைதானா?”

கேட்டவன் நஞ்சப்பன். வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் லேத் பட்டறையில் நின்றுவிட்டு, இங்கே தொழில் பழக வந்தவன்.

மாஸ்டர் என்று அவன் கூப்பிட்டது நசீமாவை. அவனைவிடப் பதினைந்து வயது இளையவள். பழைய மண்பந்தய மோட்டார் சைக்கிள்களின் ஃபோர்க் என்றால் கோயம்புத்தூரில் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, குழியையும் மேட்டையும் விழுங்குகிற அந்த ஜோடிக் கால்களைத் தவிர வேறெதையும் அவள் தொடமாட்டாள்.

அவள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பை இழுத்து அவன் முன்னால் வைத்தாள். மூன்று வண்டிகளின் ஃபோர்க் சாமான்கள் கலந்து கிடந்தன.

“இதுல என் வண்டியோடதும் இருக்குது. பொறுக்கி எடுத்துச் சேத்துருங்கண்ணா. ஞாயித்துக்கெழம பந்தயத்துல ஓட்டணும்.”

நஞ்சப்பன் அன்று சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

குழாய்கள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி. வெர்னியர் அளவியில் வைத்தால் ஒரு ஜோடி முப்பத்தைந்து மில்லி, மற்றவை முப்பத்தாறு. உள்தண்டுகளின் துளைகளை எண்ணிப் பிரித்தான். ஸ்பிரிங் கம்பியின் கனம் பார்த்தான். குழாயைக் கண்ணாடிமேல் உருட்டி வளைவு பார்த்தான். எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீலைப் புதிதாக மாற்றினான். இரண்டு காலுக்கும் எண்ணெய் அளந்து ஊற்றினான்.

நாலாம் நாள் ஃபோர்க் வண்டியில் ஏறியது. அமுக்கினால் வெண்ணெயாய் இறங்கி, மெதுவாய் எழுந்தது.

“ஒருக்கா பாத்துருங்க மாஸ்டர்.”

“நீங்க பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டனுங்க.”

“அப்பறம் நான் எதுக்கு?”

“இல்லீங்க, ஓட்டப்போறது நீங்க…”

“நம்மகிட்ட வண்டி விடுறவங்க கழட்டிப் பாத்துட்டா ஏறுறாங்க?”

ஞாயிற்றுக்கிழமை. சூலூர்ப் பக்கம் ஒரு செம்மண் திடல். நடுவில் ஓராள் உயரத்துக்கு மண்மேடு. அதில் ஏறுகிற வண்டி இருபதடி பறந்துதான் கீழே வரும்.

நசீமா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தாள். மற்ற ஒன்பது வண்டிகளோடு தொடக்கக் கோட்டில் போய் நின்றாள்.

கயிற்றுக்கு வெளியே, நஞ்சப்பன் பக்கத்தில் நின்ற இன்னொரு மெக்கானிக் கேட்டார்.

“அந்த ஃபோர்க் யார் சேத்ததுங்க?”

“நான்தானுங்க.”

“இந்தக் காலத்துல அதுக்கு சாமான் எங்கீங்க கெடைக்குது? எல்லாமே அந்த வண்டியோடதுங்களா?”

“எல்லாம் அதோடதுதானுங்க. குழாய், தண்டு, ஸ்பிரிங்கு…”

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான்.

அடி போல்ட்டு.

காலுக்கு ஒன்று. உள்தண்டையும் வெளிக்குழாயையும் சேர்த்துப் பிடிப்பது அது மட்டும்தான். வண்டி பறக்கும்போது முன்சக்கரம் தொங்குவது அதில்தான்.

வலது காலின் போல்ட்டு அதிலேயே இருந்தது. இடது காலுக்கு? டப்பிலிருந்து ஒன்றை எடுத்தான். முடுக்கினான். இறுகியது. இறுகியதும் அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

அது எந்த வண்டியுடையது?

கோட்டில் கொடியைத் தூக்கிவிட்டார்கள். பத்து எஞ்சினும் ஒன்றாய் அலறின.

நஞ்சப்பன் கயிற்றைத் தாண்டினான். யாரோ சட்டையைப் பிடித்தார்கள், கிழிந்தது. புகைக்குள் ஓடி, நசீமாவின் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“யோவ், தள்ளு!” கொடிக்காரர் கத்தினார்.

நசீமா ஹெல்மெட் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

“என்னண்ணா?”

“எடது கால் போல்ட்டுங்க.”

“என்ன அதுக்கு?”

“தெரியலீங்க மாஸ்டர்.”

“சரியில்லையா?”

“அதுதாங்க, தெரியல. எனக்குத் தெரியல.”

அவள் எஞ்சினை அணைத்தாள். வண்டியை ஓரமாகத் தள்ளினாள். பின்னால் கொடி இறங்கியது. ஒன்பது வண்டிகள் மண்ணைவாரி அடித்துவிட்டுப் போயின.

மரத்தடியில் நஞ்சப்பன் இடதுகால் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினான். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் போல்ட்டு கையோடு வந்துவிட்டது. எண்ணெய் செம்மண்ணில் கொட்டியது.

வலது கால் போல்ட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அது பதினொரு சுற்று வந்தது. இடதுகால் போல்ட்டு விரற்கடை குட்டை. நுனியில் மூன்றே மரைதான் பிடித்திருந்தது. அதுவும் பாதி மழுங்கியிருந்தது.

திடலில் ஒரு வண்டி மேட்டின்மேல் எழும்பிப் பறந்தது. இருவரும் அதன் முன்சக்கரம் காற்றில் தொங்குவதைப் பார்த்தார்கள்.

நஞ்சப்பன் அவள் பக்கம் திரும்பினான்.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்க. நான் வர்றனான்னு பாக்கத்தான கோடு வரைக்கும் போனீங்க?”

நசீமா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்கண்ணா,” என்றாள். “நீங்க பாத்துட்டேன்னு சொன்னீங்க. எனக்கு எப்படித் தெரியும்?”

நஞ்சப்பன் எண்ணெய் ஊறிய மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.