ஒரு கூப்பனும் ஒரு தூக்கமும்

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் களைத்துப்போனவர்கள். அவர்களுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

மூத்தவன் அறவாழி, லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இடுப்பெலும்பு முறிந்தபின் அவனால் வண்டியில் ஏற முடியவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, லாரி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே பில் அடித்துக் கொடுத்தான். வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு. அவன் மனைவி செங்கமலம் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நிரந்தரமாக இரவுப் பணி. மாற்றிக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. தம்பி தென்னரசு மாலையில் பார்சல் கிடங்குக்குப் போவான். பகலில் அதே கம்ப்யூட்டரில் நான்கு நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து துப்பாக்கிச் சண்டை ஆடுவான். வெறும் பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. நன்றாக ஆடுபவர்களைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும் அணிகள் இருக்கின்றன. அப்படி ஓர் அணி இவர்களைத் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தது. பார்சல் மூட்டைகளிலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் கடை விளையாட்டுப் போட்டி வைத்தது. தென்னரசு ஜெயித்தான். பரிசு ஒரு கூப்பன்: கடையில் உள்ள எந்தப் பாகமானாலும் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

அன்று மூவரும் சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் மழையில் ஓட்டும்போது எதிரே வரும் வண்டி தெளிவாகத் தெரியும் என்றான் அறவாழி. தென்னரசுக்குத் தேவை பிராசஸர். சண்டை உச்சத்தில் இருக்கும்போது திரை ஒரு நொடி உறைந்துவிடுகிறது, அந்த ஒரு நொடியில் செத்துப்போகிறேன் என்றான். செங்கமலம் தயங்கித் தயங்கி, அந்த கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்துக்கு ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வீடு என்பது ஒரே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. அவள் காலையில் வந்து படுக்கும் பாயிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் கம்ப்யூட்டர். சண்டை சூடுபிடித்தால் உள்ளே இருக்கும் ஃபேன் மிக்ஸி ஓடுவதுபோல் இரையும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. அந்த ஃபேனுக்குப் பதில் பெரிய கூலர் ஒன்றைப் போட்டால் சத்தம் அடங்கும், ஆனால் வேகம் துளியும் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

தென்னரசு வெளியே எங்காவது போய் ஆடுகிறேன் என்றான். வெளியே கிடைத்த கம்ப்யூட்டர்கள் இதைவிட மோசம். அவள் விடவில்லை. "பிராசஸரே வாங்கு அரசு. நான் எப்படியாவது தூங்கிக்கிறேன்" என்றாள். அறவாழியும் தன் ஆசையை விட்டுக்கொடுத்தான். முடிவாயிற்று, தென்னரசு அடுத்த விடுமுறை நாளில் கடைக்குப் போவதாக இருந்தான்.

இடையில் ஒரு காலை செங்கமலம் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விடியற்காலையில் ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவருக்குப் போடப் போயிருக்கிறாள். கை நீட்டியவர், இது எனக்கில்லையே அம்மா, எனக்கு மாத்திரைதானே என்று கேட்டதால் தப்பியது. இதைக் கணவனிடம் சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அரசுகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவன் ஆட்டத்தையே விட்டுடுவான். சத்தியம் பண்ணுங்க."

அவன் சத்தியம் செய்தான். அவள் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தென்னரசு எழுந்து வந்து ஹெட்போனை மாட்டினான். ஃபேன் இரையத் தொடங்கியது. அவள் புரண்டு புரண்டு படுப்பதை அறவாழி பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் தம்பியும் மனைவியும் வேலைக்குப் போனபின், அறவாழி அலமாரியிலிருந்த கூப்பனை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலோடு ஆட்டோவில் கடைக்குப் போனான். கூலரைக் கேட்டான். இதற்கா கூப்பனைக் கொடுக்கிறீர்கள் என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். கடை ஆள் கூடவே வந்து மாட்டிக்கொடுத்தார்.

அடுத்த நாள் செங்கமலம் சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள். எழுந்தபிறகுதான் அறை அமைதியாக இருப்பது அவளுக்கு உறைத்தது. அவள் கோபப்பட்டாள். தான் தம்பிக்குக் கொடுத்த வாக்கை எப்படி உடைக்கலாம் என்று கேட்டாள்.

தேர்வு ஆட்டத்தில் திரை இரண்டு முறை உறைந்தது. தென்னரசின் குழு தோற்றது. அணி வேறு ஆட்களை எடுத்துக்கொண்டது.

கூப்பன் போன வழி கம்ப்யூட்டரைத் தொட்டதுமே தென்னரசுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தோற்ற பிறகும் அவன் கத்தவில்லை. "ஏண்ணே? அத மட்டும் சொல்லு" என்றான்.

"அத மட்டும் கேக்காத அரசு" என்றான் அறவாழி. பதில் வராது என்று தெரிந்ததும் தம்பி இரண்டு சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கிடங்கில் ஆட்கள் தங்கும் அறைக்கே போய்விட்டான்.

தான் ஜெயித்ததைத் தனக்கென்று கேட்டான் தென்னரசு. தன் தூக்கத்தை விட்டுக்கொடுத்தாள் செங்கமலம். தம்பியின் பரிசைக் கேட்காமல் எடுத்து மனைவியின் தூக்கத்துக்குக் கொடுத்தான் அறவாழி, சத்தியத்தையும் காப்பாற்றினான். இதில் யார் செய்தது சரி?

விடை: தென்னரசு கேட்டதில் பிழையில்லை, அவனுக்கு விஷயம் தெரியாது. செங்கமலத்தின் தியாகம் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்தத் தூக்கம் அவளுக்கு மட்டும் சொந்தமானதில்லை. அவள் கையை நம்பிப் படுத்திருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே அறவாழி எடுத்த பாகம் சரி. அவன் தவறியது சத்தியத்தைக் காப்பாற்றியதில்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் தென்னரசு தானே போய் அந்தக் கூலரை வாங்கி வந்திருப்பான். தேர்வில் அப்போதும் தோற்றிருப்பான். ஆனால் கொடுத்துவிட்டுத் தோற்றவனாக வீட்டிலேயே இருந்திருப்பான்.