ஆன்டெனாவுக்குப் போட்ட தகடு

கட்சி கொடுத்த காரில் ரேடியோ கரகரவென்று இரைந்ததே தவிர, ஒரு வார்த்தையும் புரியவில்லை. மாவட்டச் செயலாளர் தண்டபாணி டிரைவர் குப்புராஜிடம் சீறினார்.

"சாயங்காலச் செய்தியில எனக்கு மாநிலப் பதவி அறிவிக்கப் போறாங்க. அதுக்குள்ள இது பேசலைன்னா, நீ வேற வேலை பாத்துக்க!"

கோளாறு எதுவென்று குப்புராஜுக்குக் காலையில் வண்டி கழுவும்போதே தெரிந்துவிட்டது. கூரைமேல் இருந்த ஆன்டெனாவை, திருஷ்டி படாமலிருக்க ஜோசியர் கொடுத்த செப்புத் தகடு மூடிக்கொண்டிருந்தது. ஓரத்தை நகத்தால் தூக்கினால் ரேடியோ பேசியது, விட்டால் இரைந்தது. ஆனால் ஜோசியரைக் குறை சொன்ன எவனும் தண்டபாணியிடம் நிலைத்ததில்லை.

செய்தி நேரம் வந்துவிட்டது.

"ஐயா, தகடு ரொம்ப சக்தியானதுங்க. வெளியிலிருந்து எதையும் உள்ளே விடமாட்டேங்குது. வர்ற பதவியையும் தடுத்துருமோன்னு பயமா இருக்குதுங்க."

தண்டபாணி பதறி இறங்கி, தன் கையாலேயே தகட்டைப் பிய்த்து எறிந்தார். ரேடியோ கணீரென்று பேசியது.

"மாவட்டச் செயலாளர் தண்டபாணி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்."

"டேய், அதை எடுத்து மறுபடி ஒட்டுடா!"

"இனிமே ஒட்டி என்னங்க ஐயா? வர்றது உள்ளே வந்துருச்சே" என்று குப்புராஜ் கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காரும் கட்சியுடையது, அவன் வேலையும் கட்சியுடையது.