அன்பு வட்டமும் ஒரு துடைப்புத் துணியும்

ஒரு போட்டோ ஸ்டூடியோ அலமாரியில் 'அன்பு வட்டம்' என்றொரு சங்கம் இருந்தது. லென்ஸ்கள், ஃபிளாஷ், முக்காலி எல்லாம் உறுப்பினர்கள். விதி ஒன்றே ஒன்று: யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் மற்றவர்கள் "அருமை" சொல்ல வேண்டும். காரணம் தேவையில்லை. படத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஓர் அடைமழைக் காலத்தில் ஐம்பது எம்.எம். லென்ஸுக்குள் மெல்லப் பூஞ்சை படர்ந்தது. அது எடுத்த படங்களெல்லாம் புகைமூட்டமாக வந்தன.

"அடடா, கனவு மாதிரி இருக்குண்ணே!" என்று உருகியது ஃபிளாஷ்.

"இதுதான் உங்க முத்திரை. யாருக்கு வரும்?" என்றது முக்காலி.

லென்ஸ் துடைக்கும் துணிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, இது கனவு இல்ல, பூஞ்சை. உள்ளுக்குள்ள இருக்கு, நான் துடைச்சாப் போகாது. வெள்ளிக்கிழமை முதலாளியோட தங்கச்சி கல்யாணம். அதுக்கு முன்னாடி ஃபோகஸ் பிடிக்காம கொஞ்சம் மக்கர் பண்ணுங்க. அவரே ரிப்பேருக்கு அனுப்பிடுவார்."

"வயித்தெரிச்சல்!" என்றது முக்காலி.

"உன் வாழ்நாள்ல ஒரு படம் எடுத்திருக்கியா நீ?" என்று கேட்டது லென்ஸ்.

நியாயமான கேள்விதான். துணியை வட்டத்திலிருந்து நீக்கி, கேமராப் பையின் அடியில் தள்ளினார்கள். தீர்மானத்துக்கும் "அருமை" விழுந்தது.

வெள்ளிக்கிழமை லென்ஸ் மாப்பிள்ளை மிடுக்கோடு மண்டபத்துக்குப் போனது. தாலி ஏறியது, மணப்பெண் கயல்விழி கண் கலங்கினாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஸ்டூடியோ முதலாளியான அவள் அண்ணன் பரிதி காலையிலிருந்து காத்திருந்தான். கேமராப் பொத்தானை அமுக்கினான்.

படத்தைப் பார்த்த அம்மா கேட்டாள்: "இதுல எம் பொண்ணு எங்கடா?"

லென்ஸுக்கு உயிரே போய்விட்டது. திரும்பப் போய் எடுக்க, தாலி இன்னொரு முறையா ஏறும்?

மறுநாள் பரிதி அதைப் பழைய துணியில் சுற்றி ரிப்பேருக்குக் கொண்டு போனான். அதே துணிதான்.

"நீ ஒருத்தன்தான்டா என்னைப் பாராட்டவே இல்ல," என்று தழுதழுத்தது லென்ஸ்.

"பேசாம வாங்கண்ணே. பஸ் குலுங்குது, கண்ணாடி உடைஞ்சிடப் போகுது," என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது துணி.

அலமாரியில் அன்றும் கூட்டம் நடந்தது. லென்ஸின் பிரிவுக்கு இரங்கல் வாசித்தார்கள், அதுவும் அருமையாக இருந்தது. முடிவில் ஜூம் லென்ஸ் வெட்கத்தோடு எழுந்தது.

"ரெண்டு நாளா எனக்கும் எல்லாம் கனவு மாதிரியே தெரியுது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.