தலையாட்டிமங்கலம் திறந்தவெளி வாங்கிய கதை

தலையாட்டிமங்கலத்தில் எல்லாம் இருந்தது. பஸ் நிலையம் இருந்தது. பஸ் நிலையத்துக்குள் மீன் கடை இருந்தது. மீன் கடைக்குப் பின்னால் நகராட்சி நூலகமும் இருந்தது. காற்று வாங்க ஒரு பூங்காதான் இல்லை.

சேர்மன் தில்லைநாயகத்துக்கு இதில் பெரிய வருத்தமில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து அதிகாரி வசுமதி வந்து சேரும்வரை அவர் தன் வீட்டு மொட்டை மாடியிலேயே காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் நிதானமாக விளக்கினார்: "ஊர் ஜனங்ககிட்ட நகராட்சி கடன் வாங்கலாம். கடனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துடணும். வரி வரவர வட்டியோட திருப்பிடலாம். அந்தப் பணத்துல சந்தைக்கு எதிர்ல இருக்கிற காலித் திடலை வாங்கிப் பூங்கா ஆக்குங்க. ஆனா ஊரு வோட்டுப் போட்டுச் சம்மதிக்கணும். தை பிறந்ததும் வந்து பார்ப்பேன். திறந்தவெளி கொஞ்சமும் குறையக் கூடாது, எப்பவும் திறந்தே இருக்கணும். ஜனங்க உட்கார பெஞ்சும் போடணும். இதுல எது தப்பினாலும் உங்க நாற்காலி போயிடும், சேர்மன்."

நாற்காலி என்றதும் தில்லைநாயகம் அதன் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். இரண்டு தேர்தலில் தோற்று, அடுத்ததில் எதிர்வேட்பாளர் ஞாபகப் பிசகாக இவர் சின்னத்துக்கே வோட்டுக் கேட்டதால் கிடைத்த நாற்காலி அது. அசல் தேக்கு. கைப்பிடியில் சிங்கத் தலை.

"வாங்கப் போற சாமானைப் பார்க்காம எப்படி வோட்டுப் போடுறது?" என்று கேட்டார் கவுன்சிலர் மங்கையர்க்கரசி. நியாயம்தானே என்று சபை தலையாட்டியது. வோட்டுப் பெட்டியைத் திடலின் நடுவிலேயே வைத்தார்கள். ஊரே குழந்தை குட்டியோடு வந்து திடலில் நின்றது.

"சேர்மன்! திடலைக் காணோம்!" என்று அலறினார் துணைத்தலைவர் தவசியப்பன்.

தில்லைநாயகம் மேசைமேல் ஏறிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் தலைகள். ஒரு முழம் காலி இடம்கூடத் தென்படவில்லை.

"காலையில இங்கதானேய்யா இருந்துச்சு?"

"நானே பார்த்தேன். பெருசா, காலியா, ஜோரா இருந்துச்சு."

"எவனாவது எடுத்து மடியில கட்டிக்கிட்டானா?"

வோட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சோதித்தார்கள். மடியில் வெற்றிலை, சில்லறை, ஒருவரிடம் பாதி தின்ற முறுக்கு. கடைசி ஆளும் போன பிறகு பார்த்தால், திடல் பழையபடி அதே இடத்தில் கிடந்தது.

மங்கையர்க்கரசி நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இதுக்குக் கூச்ச சுபாவம். ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்குது."

"என் மச்சினியும் அப்படித்தான்" என்றார் தவசியப்பன்.

வோட்டுகளை எண்ணினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் ஆதரவு. ஒரே காலையில் காணாமல் போகிற பொருளை உடனே வாங்காவிட்டால் வேறு எவனாவது கொண்டுபோய்விடுவான் என்று ஊர் பயந்துவிட்டது.

பத்திரம் விற்றது, திடல் வாங்கியாயிற்று. திறந்தவெளி குறையாமலிருக்க யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. பெஞ்சுகளைத் திடலைச் சுற்றி வெளியே, உள்பக்கம் பார்த்தாற்போல் போட்டார்கள். சாயங்காலமானால் ஊரே வந்து உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றபடி திடலைப் பார்த்தது.

"நேத்தைவிட இன்னைக்கு நல்லா காலியா இருக்கு, இல்ல?"

"ஆமாமா. அந்த மூலையைப் பாருங்க, என்னமா காலி!"

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளாடு உள்ளே நுழைந்துவிட்டது.

சபை அவசரமாகக் கூடியது. "விரட்டுங்க" என்றார் சேர்மன். "அதெப்படி? இது ஆக்கிரமிப்பு" என்றார் தவசியப்பன். "முறைப்படி நோட்டீஸ் கொடுக்கணும். ஆக்கிரமிச்சவங்க கதவுல ஒட்டணும்."

"ஆட்டுக்கு ஏதுய்யா கதவு?"

"இல்லாட்டி நாமதான் போட்டுக் கொடுக்கணும்."

நிலையும் கதவும் வாங்கினார்கள். திடலுக்குத் தெரியாமலிருக்க, சபை முழுவதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே போனது. கண்ணை மூடியபடியே சுத்தியல் அடித்ததில் தவசியப்பனுக்குக் கட்டைவிரல் வீங்கியது. ஒருவழியாக ஆட்டுக்கு முன்னால் கதவை நட்டு, நோட்டீஸை ஒட்டினார்கள். ஆடு நிதானமாக நோட்டீஸை முழுவதும் தின்றுவிட்டுக் கதவு வழியாக வெளியேறியது.

"பார்த்தீங்களா! நோட்டீஸை வாங்கிக்கிச்சு, மறுபேச்சு பேசாம காலி பண்ணிருச்சு" என்று தவசியப்பன் உருகிப்போனார். "நம்ம வார்டுல ஒருத்தன் இப்படி உண்டா?"

தை பிறந்தது. வசுமதி வந்தார். சுற்றிலும் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஜனம், நடுவில் பொட்டல், பொட்டலில் ஒற்றைக் கதவு. அம்மாளுக்குத் தலை சுற்றியது.

"என்ன சேர்மன் இது? ஒரு ஜீவன் உள்ளே இல்லை? பூங்கா ஜனங்களுக்குத்தானே! இப்பவே எல்லாரும் உள்ளே வரணும். இல்லேன்னா பத்திரமும் ரத்து, நாற்காலியும் ரத்து."

தில்லைநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜனங்கள் உள்ளே வந்தால் திறந்தவெளி போய்விடும். வராவிட்டால் பத்திரம் போய்விடும். எப்படிப் போனாலும் நாற்காலியையும் இழுத்துக்கொண்டுதான் போகும். கண்ணில் தண்ணீர் முட்ட, "எல்லாரும் வாங்க" என்று கையசைத்தார். வீட்டிலிருந்தவர்கள், கடையிலிருந்தவர்கள், நகராட்சி ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்து திடலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி அம்மாளுக்குத் திருப்தி. 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தில்லைநாயகம் மட்டும் துக்கம் தாங்காமல் திடலைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினார். திருப்பியவர் துள்ளினார்.

"அகப்பட்டுருச்சு! அங்க போய் ஒளிஞ்சிருக்கு!"

எல்லோரும் பார்த்தார்கள். கடைவீதி காலி. பஸ் நிலையம் காலி. தெருத்தெருவாக, வீடுவீடாக ஊர் முழுவதும் காலி. வாங்கியதைவிட நூறு பங்கு பெரிய திறந்தவெளி!

"யாரும் அசையாதீங்க!" என்று சேர்மன் கத்தினார். "ஒருத்தர் வீட்டுக்குப் போனாலும் குறைஞ்சிடும். நாற்காலி போயிடும்!"

"வீட்டைப் பூட்டலையே, அண்ணே" என்றார் மங்கையர்க்கரசி.

"எதுக்குப் பூட்டணும்? எப்பவும் திறந்தே இருக்கணும்னு அந்த அம்மா சொல்லலை?"

அன்று முதல் தலையாட்டிமங்கலம் திடலிலேயே சமைத்துத் தின்று, தன் ஊரைத் தானே காவல் காத்தது. செய்தி அக்கம்பக்கத்துக்குப் பரவியது. ஒரு நாள் பட்டப்பகலில் லாரியோடு திருடர்கள் வந்து இறங்கினார்கள். ஊரே திடலிலிருந்து தங்களைப் பார்ப்பதைக் கண்டு முதலில் பயந்து பதுங்கினார்கள். பிறகு ஒருவன் துணிந்து தவசியப்பன் வீட்டுப் பீரோவைத் தூக்கி வந்து லாரியில் ஏற்றினான்.

திடலில் கைதட்டல் எழுந்தது.

"அடேயப்பா! நம்ம கூடத்துல இவ்வளவு இடம் இருந்துச்சா!" என்று தவசியப்பனின் மனைவி பூரித்துப்போனார். "கட்டிலையும் எடுத்துக்கப்பா. இன்னும் விசாலமா இருக்கும்."

கட்டில் வந்தது, அண்டா வந்தது, ஆட்டுக்கல் வந்தது. கடைசியாக நகராட்சி ஆபீஸ் வாசலில் இரண்டு திருடர்கள் முக்கிக்கொண்டு நின்றார்கள். சிங்கத் தலை வைத்த தேக்கு நாற்காலி நிலைப்படியில் சிக்கிக்கொண்டிருந்தது.

"அப்படி இழுத்தா வராதுப்பா!" என்று தில்லைநாயகம் திடலின் ஓரத்துக்கே ஓடி வந்து கத்தினார். "ஒருக்களிச்சுச் சாய்ச்சு, காலை முதல்ல வெளியே விடு!"

"கனமா இருக்கு, ஐயா" என்றான் ஒருவன், வியர்வையைத் துடைத்தபடி. "வந்து ஒரு கை கொடுங்களேன்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா, தம்பி?" என்றார் சேர்மன் ஏக்கத்தோடு. "நான் அங்க வந்தா ஓர் ஆள் இடம் குறைஞ்சிடுமே!"